மகனுக்கு இல்லாத சர்க்கரை

மகன் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. வாசல்படி ஏறும் செருப்புச் சத்தத்திலேயே அளவு தெரிந்துவிடும். "அப்பா" என்று கூப்பிடுவதில் கடைசி எழுத்து இழுபட்டால் கொஞ்சம். பாதியில் அறுந்து விழுந்தால் நிறைய. அளவுக்குத் தக்கபடி அவனைக் கடையின் பின்னறைக்கு அனுப்புவதா, மாடி வீட்டுக்கு அனுப்புவதா என்று ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டு, முன்னால் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரிடம் முகம் மாறாமல் ஃபிரேம் காட்டுவார். அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்போதுதான் ஒன்றும் பிடிபடவில்லை.

சிகிச்சை இல்லத்திலிருந்து மகன் திரும்பி வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. காலையில் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கடைக்கு இறங்கி வருகிறான். லென்ஸின் ஓரம் தீட்டும் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருப்பதில்லை. தனக்குத்தானே சிரிக்கிறான். எதற்குச் சிரிக்கிறான்? சில நாள் வாயே திறப்பதில்லை. ஏன் திறப்பதில்லை? ஒருநாள் சட்டைப்பையிலிருந்து புதினா மிட்டாய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். முன்பெல்லாம் வாடையை மறைக்கப் போடுவான். இப்போது? மிட்டாய் பிடித்திருந்து மிட்டாய் தின்னும் மகனைப் பெரியவர் இதற்கு முன் பார்த்ததில்லை.

ஒருநாள் மகன் கை கழுவப் போன நேரத்தில் அவனுடைய டீயை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பின்னால் மருமகள் நின்றிருந்தாள்.

"மாமா, அது டீதான். நான்தான் போட்டேன்."

"ஆறிடுச்சான்னு பாத்தேன்மா."

"மூக்காலயா?"

பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு, தொங்கும் மீசையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். மருமகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் அப்படித்தான் இருக்கு மாமா. சண்டை போடாம சாப்பிட்டு எந்திரிச்சுப் போறாரு. நான் தட்டைக் கையில வச்சுக்கிட்டு, அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கிறேன்."

அவளாவது வாய்விட்டுச் சொன்னாள். பெரியவர் அப்படிச் சொல்லிப் பழகியவரல்ல. அந்தத் தெருவில் அவருடைய அப்பா பெயரைத் தாங்கிய பலகை கடைக்கு மேல் தொங்கியது. அந்தக் குடும்பத்தைப் பற்றி நாக்கின்மேல் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை பேசியவர் கிடையாது. பேச விட்டதும் கிடையாது.

அதற்காகத்தான் அந்தச் சர்க்கரை.

பல வருடம் முன்பு, உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில், நாலு பேர் முன்னால் மகன் நாற்காலியோடு சரிந்து விழுந்தான். எல்லோரும் ஓடி வந்தார்கள். பெரியவர் யோசிக்கவே இல்லை. "சுகர். லோ சுகர்" என்றார். சொன்ன மாத்திரத்தில் அவருடைய தங்கை கணவர் சமையல்கட்டுக்குப் பாய்ந்து, கை நிறைய சர்க்கரையை அள்ளி வந்து மகன் வாயில் திணித்தார். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருக்கு நிஜமாகவே சர்க்கரை நோய் உண்டு. குடும்பத்தில் அவருக்கு ரேடியோ மாமா என்று பெயர். காதில் விழுந்த செய்தி பொழுது சாய்வதற்குள் சொந்தபந்தம் அத்தனைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மகனின் சர்க்கரையும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு மகனுக்குக் கை நடுங்கினால் சர்க்கரை. கண் சிவந்தால் சர்க்கரை. தெரிந்தவர்கள் இனிப்பில்லாத பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்கள். சிகிச்சைக்குப் போனபோதும், "வெளியூர்ல சுகருக்குப் புதுசா ஒரு வைத்தியம்" என்று பெரியவர் ரேடியோ மாமாவிடம் மட்டும் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்த அன்றே மகன் சொன்னான்: "அப்பா, அங்க சொல்லிக் குடுத்ததுல முக்கியமானது மறைச்சு வைக்காதங்கறதுதான். யாராவது கேட்டா நான் உண்மையைச் சொல்லிடறேனே."

"யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். மேல தொங்குறது உன் பேரு இல்ல, உங்க தாத்தா பேரு."

"சரிப்பா. நீங்க சொல்ற வரைக்கும் நான் சொல்லல."

அது மரியாதையா, ஏளனமா என்றுகூடப் பெரியவருக்கு விளங்கவில்லை.

ஒரு முற்பகல் ரேடியோ மாமா கடைக்கு வந்தார். வாசலில் நின்றபடியே இரண்டு கைகளையும் விரித்தார்.

"மச்சான்! என் முகத்துல என்ன குறையுதுன்னு சொல்லுங்க பாப்போம்."

"வாங்க மாப்பிள்ளை. என்ன, பல்லா?"

"கண்ணாடி! கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன். கொசு மாதிரி எழுத்து, அதையும் படிக்கிறேன். உங்க கடைக்கு இனிமே என்னால ஒரு பிரயோஜனமும் இல்ல." தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று பாதியைக் குடித்தார். "எல்லாம் உங்க பையன் புண்ணியம்."

மெஷின் நின்றது. மகன் எழுந்து வந்தான். "என் புண்ணியமா? என்ன மாமா சொல்றீங்க?"

"போன தடவை கேட்டேன்ல, உனக்கு அங்க என்ன வைத்தியம் பண்ணாங்கன்னு? என்ன சொன்ன? மாத்திரை பெருசா இல்ல மாமா, காலையில நடக்கணும், எல்லாரும் வட்டமா உக்காந்து மனசுவிட்டுப் பேசணும்னு சொன்னியா இல்லையா? நானும் நடக்கிறேன். உங்க அத்தையை எதிர்ல உக்கார வச்சு மனசுவிட்டுப் பேசறேன். ரெண்டாவது நாளே அவ எந்திரிச்சுப் போயிட்டா. இருந்தாலும் பலன் தெரியுதே!" மீதித் தண்ணீரையும் குடித்தார். "ஒண்ணே ஒண்ணு, தூரத்துல வர்ற பஸ் நம்பர்தான் கொஞ்சம் மங்கலா இருக்கு. அதுக்குச் சின்னதா ஒரு பவர் போட்டுக் குடு."

மகன் அவரைச் சோதனை நாற்காலியில் உட்கார வைத்தான். கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டி லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டான்.

"இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?"

"இது... இல்ல, அது. மறுபடி காட்டு."

மாற்றி மாற்றிப் போட்டான். பழைய அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் சம்பந்தமே இல்லை. பெரியவர் எட்டிப் பார்த்தார். ஆயுள் முழுக்க அதே தொழிலில் இருந்தவர். கிட்டப் பார்வை திடீரென்று தெளிந்து, தூரம் மங்கினால் அது குணமல்ல. ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறினால் கண் அப்படிப் பொய் சொல்லும். அந்த நிலைமையில் எந்தக் கடைக்காரனும் கண்ணாடி போட்டுக் கொடுக்கக் கூடாது.

"மாமா, மாத்திரை போடறீங்களா?"

"அதான் சொன்னேனே. நீ விட்ட மாதிரி நானும் விட்டுட்டேன். முழுசா."

"அதை விடக் கூடாது மாமா. இப்பவே டாக்டர்கிட்ட போகணும்."

"நீ மட்டும் விடலாமா? நானும் நீயும் ஒரே வியாதிக்காரங்கடா. உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

மகன் தலையைத் திருப்பினான்.

"அப்பா" என்றான்.

அந்த ஒற்றைச் சொல்லைப் பெரியவர் பழைய கணக்கில் அளந்து பார்த்தார். இழுபடவில்லை, அறுபடவும் இல்லை. கோபமா, கெஞ்சலா, உத்தரவு கேட்கிறானா? எதுவும் தெரியவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு அவன் நிற்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

இந்த மனிதரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. சொல்லாவிட்டால்? தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். குரலும் நிமிர்ந்தே வந்தது. நடுவில்தான் வழி தவறியது.

"மாப்பிள்ளை, இவனுக்கு சுகர் கிடையாது. எப்பவுமே கிடையாது. குடிச்சான். நான்தான் சுகர்னு... அந்த வைத்தியம் குடியை நிறுத்தறதுக்கு. உங்க வியாதிக்கு இல்ல. நீங்க மாத்திரை போடணும்."

சோதனை ஃபிரேமுக்குள் ரேடியோ மாமாவின் கண்கள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரிந்தன. எந்தக் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று பெரியவருக்குப் புரியவில்லை.

"அப்போ, அன்னிக்கு நான் அள்ளிப் போட்ட சர்க்கரை?"

"இனிப்பா இருந்துச்சு மாமா" என்றான் மகன்.

"வாயை மூடுடா!" என்று அதட்டிவிட்டு அவர் பெரியவர் பக்கம் திரும்பினார். "ஊர் முழுக்கச் சொன்னேனே மச்சான். எத்தனை பேருக்கு இவனை உதாரணம் காட்டியிருக்கேன். என்னைக் கேணையனாக்கிட்டீங்களே." கை பாட்டிலைத் தேடியது. அது காலியாக இருந்தது. "எனக்கு என்னமோ பண்ணுதுடா. தண்ணி குடு."

மகன் தண்ணீர் கொடுத்தான். பிறகு அவரைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். சோதனை ஃபிரேமைக் கழற்றவே மறந்துவிட்டார்கள். தெரு முனை வரை போன பிறகுதான் அதை ஒரு பையனிடம் கடைக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

பெரியவர் கடையில் தனியாக இருந்தார். மதியம் போய்விட்டது. மகன் வரவில்லை. வெளியே போன மகன் திரும்பி வரத் தாமதமானால் என்ன அர்த்தம் என்று அவருடைய உடம்புக்குத் தெரியும். வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்தார். மாமாவைக் காப்பாற்றப் போனவனைச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. சந்தேகப்படாமல் இருந்து எத்தனை முறை ஏமாந்தோம் என்று ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டில் எது சரி என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

வெயில் தாழ்ந்ததும் மகன் வந்தான்.

"ரொம்ப ஏறிடுச்சாம்ப்பா. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ஆபத்தாயிருக்கும்னாங்க. ஊசி போட்டு படுக்க வச்சிருக்காங்க. அத்தை வந்துட்டாங்க."

பெரியவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே, தன்னை அறியாமல், அரை அடி முன்னால் சாய்ந்தார். ஸ்பிரிட் வாடை சுருக்கென்று மூக்கில் ஏறியது. அவர் முகம் கல்லாகிப் போனது.

மகன் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முன்னால் விரித்தான். "ஆஸ்பத்திரியில வார்டுக்குள்ள விடறதுக்கு முன்னாடி கையில சானிடைசர் தடவச் சொல்றாங்கப்பா."

"நான் ஒண்ணும் கேக்கலயே."

"கேட்டுட்டீங்கப்பா." அவன் இன்னும் பக்கத்தில் வந்து, முகத்தை அவர் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டான். புதினா மணம், வெறும் வயிற்றின் புளிப்பு. வேறு எதுவும் இல்லை. குழந்தையாக இருந்தபோது பல் விளக்கிவிட்டாயா என்று கேட்டால் அவன் இப்படித்தான் வாயைத் திறந்து காட்டுவான்.

"சாப்பிட்டியா?" என்றார் பெரியவர்.

"இல்லப்பா."

"மேல போய்ச் சாப்பிடு."

அதன் பிறகு அவர் ஃபோனுக்காகக் காத்திருந்தார். ரேடியோ மாமா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனார், மாத்திரைகளை வேளாவேளைக்குப் போடுவதாகத் தங்கை சொன்னாள், தன்னைப் பார்க்க வந்த உறவினர்களிடம் பேசிக்கொண்டும் இருந்தார். ஆனால் யாரும் ஃபோன் செய்து "அப்படியாமே" என்று இழுக்கவில்லை. அந்த மனிதர் ஆயுளில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாரா? இல்லை, சொல்லி, கேட்டவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்களா? நேரே கேட்கப் பெரியவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. குடும்பத்தின் மானம் போய்விட்டதா, இருக்கிறதா என்று தெரியாமலேயே ஒவ்வொரு நாளும் பலகையைத் துடைத்துக் கடையைத் திறந்தார்.

ஒருநாள் பக்கத்துத் தெரு தையல்காரம்மா கண்ணாடிக்குக் காதுக் கம்பி மாற்ற வந்தார். இனிப்பில்லாத பிஸ்கட் வாங்கிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

"பையன் பளிச்சுனு இருக்கானே. சுகர் எப்படி இருக்குங்க அவனுக்கு?"

பெரியவருடைய வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. நல்லாக் குறைஞ்சிருக்குங்க என்பது நாக்கின் நுனியில் தயாராக நின்றது. பின்னால் மெஷின் ஓசை நின்றுபோனதைக் கேட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அவனுக்கு சுகரே கிடையாதுங்க. இருந்ததே இல்ல."

"அட! அப்போ என்னவாம்?"

கையில் இருந்த கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த பக்கத்தையே மறுபடி துடைத்தார். அது என்ன என்று சொல்ல வேண்டியவர் அவரா, மகனா? சொன்னால், அவன் சொல்ல வேண்டியதைப் பறித்துக்கொண்டதாக ஆகுமா? சொல்லாவிட்டால் மறுபடி மறைத்ததாக ஆகுமா?

"எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலம்மா" என்றார். "உள்ளதான் இருக்கான். அவன்கிட்டயே கேளுங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மகன் கையைத் துணியில் துடைத்தபடி முன்பக்கம் வந்தான்.

"உக்காருங்கக்கா, சொல்றேன்" என்றான்.

பெரியவர் எழுந்து தன் நாற்காலியை அவனுக்கு விட்டார். கடைக்குள்ளேயே நிற்பதா, வெளியே போவதா என்று தெரியாமல், கண்ணாடியும் துணியுமாக வாசலுக்கும் உள்ளுக்கும் நடுவில், முதுகை மட்டும் நேராக வைத்துக்கொண்டு நின்றார்.