சும்மா இருக்கும்போது ஆறு வாட்

சும்மா உட்கார்ந்திருக்கவே தொண்ணூற்றிரண்டு வாட் கேட்கிறாயே, உனக்கே இது நியாயமாகப் படுகிறதா?

வாய்விட்டுக் கேட்கவில்லை, மனதுக்குள்தான். கூடத்து மூலையில் இரைந்துகொண்டிருந்த பழைய சிபியுவின் முன்னால் அவள் குந்தியிருந்தாள். அதன் ஒயருக்கும் சுவர் பிளக்குக்கும் நடுவே, வேலை செய்யும் இடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த சின்ன மீட்டர்.

வீட்டுச் சாமான்கள் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்று அளந்து சொல்லும் சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பதினேழு வருட வேலை. ஓடும்போது எவ்வளவு என்பதை அளக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். ஓடாமல் கிடக்கும்போது எவ்வளவு என்பதைப் பார்ப்பது அவள் பாடு. கூட வேலை செய்பவர்கள் அவளை வாட்டக்கா என்பார்கள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து கணவருக்கு அவள் வாட்டம்மா.

அவர் பூகோள வாத்தியார். எரிமலை, பனிப்பாறை, ஆற்றுப் படுகை என்று இலவசமாகக் கிடைக்கும் ஆவணப்படங்களையெல்லாம் இறக்கிக்கொண்டே இருப்பார். வீட்டு லைன் மந்தம். ஒரு எரிமலை முழுதாக வந்து சேர இரண்டு நாள் பிடிக்கும். வந்ததைப் பார்க்கிறாரா என்றால், அது வேறு கதை. எப்படியோ அந்த சிபியு இரவும் பகலும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பெட்டி வாங்கி, டவுன்லோடையும் அதில் விட்டு, வீட்டில் உள்ளவர்களின் போனில் இருப்பதையெல்லாம் அதிலேயே சேர்த்து வைத்துவிடலாம் என்று அவர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாதம் அவளே, "நான் பாத்து எடுக்கறேன்" என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

காரணத்தை அவள் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரணமாக அது இல்லை.

ரயிலிலிருந்து இறங்கி வீடு வரை பதினோரு நிமிட நடை. மூன்று வருடமாக அந்தப் பதினோரு நிமிடமும் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசியபடியே வருவாள். மறுமுனையில் யாரும் இல்லை. போன் பதிவு செய்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். வழியில் மருந்துக்கடைக்காரர், "என்னம்மா, தங்கச்சியா?" என்று சைகையில் கேட்பார். அவளும் தலையாட்டுவாள். காலையில் கணவர் சொன்ன ஒரு சொல்லுக்கு மாலையில் தோன்றிய பதில் அந்தப் பதிவுகளில் இருந்தது. அவள் எழுதிய அறிக்கையில் மேலாளர் பெயர் மேலே ஏறிக்கொண்ட கதை இருந்தது. மகள் பிறந்த வருடம் தான் எவ்வளவு பயந்துபோயிருந்தாள் என்பது இருந்தது. ஒருநாள் ஒன்றுமே சொல்லத் தோன்றாமல், பதினோரு நிமிடமும் வெறும் செருப்புச் சத்தம்.

அறுநூற்றுச் சொச்சம் பதிவுகள். திரும்பக் கேட்டவை மிகக் கொஞ்சம், ஆனால் அழிக்க மனம் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் போன் கையை விரித்துவிட்டது, இனி இடம் இல்லை என்று. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு நடக்கிறாள். வீட்டுக்கு வந்தால் எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். தண்ணீர்க் குவளையை மேசையில் வைக்கும் சத்தத்திலேயே அது தெரிந்தது. பழையதைப் பத்திரமாக ஓரிடத்தில் இறக்கி வைத்துவிட்டால் மறுபடி பேசலாம்.

கடையில் முதலில் ஒரு கனத்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார்கள். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் எட்டுப் படம் பார்க்கலாமாம். வீட்டில் மூன்று பேர்தான் என்றாள். பிறகு, தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கும்?"

"சும்மா வைக்கறதுக்கு எதுக்கு மேடம் வாங்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

கணவரும் அவரோடு சேர்ந்து சிரித்தார். அவள் கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்ததும் கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. கறுப்புப் பெட்டி முப்பத்தெட்டில் நின்றது, உள்ளே விசிறி வேறு. அடுத்தது உள்ளங்கை அளவு சர்க்யூட் பலகை, வெறும் மூன்று வாட். ஆனால் அதற்கு டிஸ்க்கை வெளியே ஒயரில் தொங்கவிட வேண்டும். துடைக்கும்போது கை பட்டால் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்துபோகும். பத்திரம் என்று நினைத்து வைக்கும் பொருளை நூலில் தொங்கவிடுவதா என்று தள்ளி வைத்தாள். மூன்றாவது, தடித்த அகராதி ஒன்றைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. விசிறி கிடையாது, டிஸ்க் உள்ளேயே இருந்தது. எழுதும்போது பதினொன்று, சும்மா இருக்கும்போது ஆறு. மேலே கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் விட்ட நெற்றிபோல வெதுவெதுப்பு.

"இதுதான்" என்றாள். ஒரு வருடமாக நாலாயிரம் விமர்சனம் படித்தும் தன்னால் முடியாததை இவள் அரை மணியில் முடித்துவிட்டாளே என்று கணவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அதில் பெருமைதான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பெட்டியை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து அவரே எல்லாம் செய்தார். பழைய சிபியுவை அணைத்ததும் வீட்டில் ஒரு சத்தம் குறைந்தது. அப்போதுதான் சுவர்க் கடிகாரத்துக்கும் சத்தம் உண்டு என்பது தெரிந்தது. முதலில் எரிமலைகள் போயின. பிறகு பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் போன். அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, பாட்டெல்லாம் போனால் அப்பாதான் பொறுப்பு என்று மிரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் போகாது கண்ணு. இப்ப டிவியிலயே வரும் பாரு" என்று அவர் ரிமோட்டை அழுத்தினார். திரையில் மகளின் பெயருக்குக் கீழே வரிசையாகப் படங்கள், பாட்டுகள். கடைசியாக வந்தது எதுவோ, அதைத் தொட்டார்.

கூடம் முழுக்க மகளின் குரல் கேட்டது. குளியலறை எதிரொலியோடு.

"நீ என்ன விட்டுட்டு அவளோட போனப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா. இல்ல, இப்படி வேணாம். நீ என்ன விட்டுட்டுப் போனப்ப... ச்சே."

அப்பா சிரித்தார். குத்தலாக இல்லை, ஆசையாகத்தான். "அடேயப்பா, என்னமா டயலாக் பேசறா."

மகள் எழுந்து உள்ளே போனாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்காதபடி அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள்.

இவளுக்கும் அந்தப் பழக்கமா என்று அம்மா மூடிய கதவையே பார்த்தாள். பதினோரு நிமிடத் தெரு கிடைக்காததால் குளியலறை.

"அடுத்தது உன்னோடது, குடு" என்று கணவர் கையை நீட்டினார்.

போன் மடியில்தான் இருந்தது. காலையிலேயே முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்திருந்தாள்.

"பாஸ்வேர்டு தனியாப் போட முடியுமாங்க?"

"போடலாமே. நான்தானே போட்டுத் தரணும்." சிரித்தார். "நமக்குள்ள என்ன பாஸ்வேர்டு, வாட்டம்மா."

அவர் ஒளிந்திருந்து கேட்கும் ரகம் இல்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனால் திறக்கலாம் என்று ஆகிவிட்ட பிறகு தன்னால் பேச முடியாது என்பதும் தெரியும். நாளை மாலை ரயிலிலிருந்து இறங்கி வாயைத் திறந்தால், இந்தக் கூடத்து டிவியிடம் பேசுவதுபோலத்தான் இருக்கும். நல்ல வார்த்தையாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவாள். அதைவிடப் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே போகலாம். மனம் வராது, இருந்தாலும் இடம் கிடைக்கும்.

"என்னோடது வேண்டாங்க."

"ஏன்? போன்ல இடமே இல்லன்னு நீதானே சொன்னே. ஒருநாள் அப்படியே நின்னுபோச்சுன்னா எல்லாம் போயிடும்."

"போனாப் போகட்டும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"நடந்து வர்ற சத்தம்" என்றாள். பொய் இல்லை. "பாப்பாவோடதையும் எடுத்துடுங்க. அவளா கேட்டா அப்புறம் போடலாம்."

"அப்ப இவ்வளவு பாத்துப் பாத்து வாங்கின பெட்டியில என்னத்த வைக்கறது?"

"எரிமலை வைங்க."

நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவள் போனைத் திருப்பி மடியில் கவிழ்த்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.