வேடியப்பன் சாகும் காட்சி

ஓடைமேட்டு வேடியப்பன் தினமும் இரண்டு தடவை செத்து, இரண்டு தடவை எழுந்துகொண்டிருந்த வருஷத்தில் புளி நல்ல விலைக்குப் போனது, மரவள்ளிக்கிழங்கைக் கேட்க நாதியில்லை. டெண்டுக் கொட்டாயில் அவர் நடித்த படம் முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் என்று ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வில்லனின் அடியாளாக வரும் அவர் நெஞ்சில் வேல்கம்பு பாய்கிற அதே நொடியில், சோறு தின்றுகொண்டிருந்தாலும் சரி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாலும் சரி, நிஜ வேடியப்பனும் அப்படியே சாய்ந்துவிடுவார். மூச்சு இருக்காது, நாடி இருக்காது. படம் முடிந்து 'வணக்கம்' விழுந்ததும் எழுந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சோற்றைப் பிசைவார். மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சியில் அதே படம் ஓடினால் லேசான நெஞ்செரிச்சல், அவ்வளவுதான். தூரம் ஜாஸ்தி, அதனால் வேகம் கம்மி என்று நாங்களே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டோம். அவர் மனைவி பெரியம்மாள் மட்டும் படப்பெட்டி ஊரைவிட்டுப் போகிறவரை அவரைக் கிணற்றுப் பக்கம் விடமாட்டாள்.

கல்வராயன் மலையில் எங்களைப் போல சினிமாவுக்கு ஆள் அனுப்பிய ஊர் வேறு கிடையாது. அதைப் பார்த்தவர்கள்தான் யாரும் கிடையாது. டீக்கடை பச்சமுத்து ஒரு கல்யாணப் பந்தியில் வலது முழங்கையாக வந்திருக்கிறார். கோகிலவாணி ஒரு படத்தில் தொட்டில் குழந்தைக்காக அழுதாள். போஸ்டரில் குழந்தையைத்தான் போட்டார்கள். நாட்டாண்மைக்காரர் அரங்கநாதன் வாலிப வயதில் கோடம்பாக்கத்தில் பழியாய்க் கிடந்து, ராஜா படமொன்றில் தூணுக்குப் பின்னால் நிற்கும் சேவகனாகத் திரும்பி வந்தார். தூண் ரொம்பத் தெளிவாக விழுந்திருந்தது. அந்த முழங்கை திரையில் வரும்போது நாங்கள் அடிக்கிற விசிலில் பக்கத்து ஊர்க்காரன் கதாநாயகன்தான் வந்துவிட்டானோ என்று எட்டிப்பார்ப்பான். எங்களில் பெரிய நடிகர் வேடியப்பன்தான். அவர் முழு உடம்போடு வருவார். முகம் மட்டும் கடைசிவரை மண்ணைப் பார்த்தே கிடக்கும்.

அப்போது கீழே இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு ஜனங்கள் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். பிண வேஷத்தில் எங்களுக்கு யாரும் கேட்காமலே நூறு சதவீதம் ஒதுக்கியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். புரட்டாசி பிறந்த வாரம் ரோடெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்துப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். எங்கள் ஊரிலிருந்தும் கோடாலியோடு வீராவேசமாக இறங்கினோம். அடிவாரத்து வடக்கனந்தல் போய்ச் சேர்வதற்குள் வெட்ட மரமே பாக்கியில்லை. கூட்டத்தின் வால்பக்கம் நின்று கோஷம் போட்டுவிட்டு, பஸ் இல்லாததால் நடந்தே மலையேறி வந்தோம். துப்பாக்கிச் சூட்டில் நிஜமாகவே ஆட்கள் செத்தார்கள் என்ற சேதி பின்னாலேயே வந்தது. அன்றைக்குப் பச்சமுத்து டீக்கடையைத் திறக்கவில்லை.

அந்த பஸ்ஸில்தான் கொட்டாய்க்கு டீசலும் அடுத்த படப்பெட்டியும் வரவேண்டும். எப்படியும் வந்துவிடும் என்ற தைரியத்தில் ஆபரேட்டர் பகலவன், இருந்த டீசலை ஊற்றி முதல் ஆட்டத்தை ஆரம்பித்தார். வேல்கம்பு பாய்ந்தது, வேடியப்பன் குப்புற விழுந்தார், இன்ஜின் இருமிக்கொண்டே நின்றது. படம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. வீட்டில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்த வேடியப்பன் விடிந்தும் எழவில்லை, மறுநாளும் எழவில்லை. நாற்றம் இல்லை, ஈ மொய்க்கவில்லை. ஆனால் பிணம் பிணம்தானே.

எங்கள் ஊரில் ஒரு தெருதான். தெருவில் சாவு கிடந்தால் எடுக்கிறவரை எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். இத்தனை நாளும் அவர் அரை மணியில் எழுந்துவிடுவதால் உலைநீர் காய்வதற்குள் காரியம் முடிந்துவிடும். இப்போது குழந்தைகள் பச்சைக் கிழங்கைக் கடித்துக்கொண்டு அழுதன. பெரியவர்கள் அழாமல் கடித்தோம். பசி வந்ததும் எங்களுக்கு வேடியப்பன் மேல் இருந்த பெருமை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நாட்டாண்மைக்காரர் அரங்கநாதன் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவது என்று முடிவு சொல்லி, குழி வெட்ட ஆள் அனுப்பினார்.

பெரியம்மாள் வாசலை மறித்து நின்றாள். "மாமா, நாளைக்கி டீசலு வந்து படத்த ஓட்டுவீங்க. அவுரு குழிக்குள்ள எந்திரிச்சா இன்னா பண்ணுவாரு? வாயி நெறயா மண்ண வெச்சிக்கினு யார கூப்புடுவாரு?"

"படம் முடியாம நாங்க இன்னாம்மா பண்றது?" என்றார் அரங்கநாதன். "புள்ளைங்க பட்டினியா கெடக்குதுங்க."

"நீங்கல்லாம் மெட்ராஸ் போயி வந்த நடிகருங்கதானே? அந்த படத்துல மிஷினா நடிச்சிது? மனுசங்கதானே? மிச்சத்த நீங்க நடிச்சி முடிங்க."

வாஸ்தவத்தில் அவள் சொன்னது நியாயம்தான். வாழ்நாள் பூரா காத்திருந்த வாய்ப்பு வேறு. கட்டிலோடு வேடியப்பனைத் தூக்கிக்கொண்டு போய், கொட்டாயில் திரைக்கு முன்னால் படத்தில் விழுந்தபடியே குப்புறப் போட்டோம். பட்டப்பகல். மணலில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் புத்தியைக் காட்டினோம். எல்லோரும் கதாநாயகன். வில்லனாக வர ஒருத்தனும் ஒத்துக்கொள்ளவில்லை. அறுபதைத் தாண்டிய அரங்கநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தூணுக்குப் பின்னால் நின்ற கடன் தீரவேண்டும் என்று நேராக நடுவில் வந்து நின்றார். கடைசியில் பச்சமுத்துவைப் பிடித்து வில்லனாக்கினோம். அவர் அடிபடும்போதெல்லாம் வலது முழங்கையை மட்டும் ஜனங்களுக்குக் காட்டினார். கோகிலவாணி கதாநாயகியாகக் குழந்தைக் குரலில் அழுதாள். அன்றைக்குச் சரியாக நடித்தவர் வேடியப்பன் ஒருவர்தான். எப்படியோ வில்லன் பிடிபட்டான், போலீஸ் வந்தது, எல்லோரும் வரிசையாக நின்று கைகூப்பி 'வணக்கம்' சொன்னோம்.

வேடியப்பன் எழவில்லை.

இன்னொரு முறை சொன்னோம். சத்தமாகச் சொன்னோம். குழி வெட்டப் போனவர்கள் வேலை முடிந்து மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். அரங்கநாதன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "விதி, பெரியம்மாளு" என்றார். எங்களுக்கும் பசி அந்த நேரத்தில் தெரியவில்லை.

பெரியம்மாள் ஜனங்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தாள். "இன்னா படம்யா இது? ஒரு ஆளு செத்து கெடக்குறான். ஈரோ தாண்டிப் போறான், போலீசு தாண்டிப் போறான். யாராச்சும் குனிஞ்சி பாத்தீங்களா? அவனுக்கு ஒரு பேரு வெச்சீங்களா?" யாரைத் திட்டுகிறாள் என்று புரியாமல் நாங்கள் கைகூப்பியபடியே நின்றோம். எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைத்தான் சொல்லச் சொல்வார்கள். பெரியம்மாள் மணலில் மண்டியிட்டு, அவரைப் புரட்டி மல்லாத்தி, முகத்தில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். பிறகு ஊர் மொத்தமும் கேட்க, "வேடியப்பா!" என்று கூப்பிட்டாள். "ஏய் வேடியப்பா! எந்திரி, வூட்டுக்குப் போவலாம்."

வேடியப்பன் கண்ணைத் திறந்து, "இன்னாடி, பேரு சொல்லிக் கூப்புடுற?" என்று கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார். நாங்கள் அடுப்புப் பற்றவைக்க ஓடினோம்.

மரங்களை அப்புறப்படுத்தி பஸ் விட்டதும் டீசல் வந்தது. பெட்டியைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் பகலவன் பாக்கியை ஓட்டினார். எல்லோரும் சிரித்தபடி நிற்கும் அந்தக் கடைசிக் காட்சியில் ஓரமாக ஒரு பெண் வந்தாள். கண்டாங்கிச் சேலை, எண்ணெய் இல்லாத தலை, திரை கொள்ளாத முகம். அடியாளைப் புரட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். பகலவன் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டத்துக்குக் கட்டம் அவள் இருந்தாள். அதே வாரம் கள்ளக்குறிச்சியிலும் பார்த்திருக்கிறார்கள். படத்தில் அப்படித்தான் போலிருக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

சினிமாவுக்கென்று அத்தனை பேர் கிளம்பிப் போன எங்கள் ஊரில், திரையில் முழு முகம் விழுந்தது மெட்ராஸையே பார்க்காத பெரியம்மாளுக்குத்தான். வயிற்றெரிச்சல் எங்களுக்கு ஆற வருஷங்கள் ஆயின. வேடியப்பன் அப்புறமும் நிறையப் படங்களில் வெட்டுப்பட்டும் குண்டடிபட்டும் செத்தார். ஒவ்வொன்றிலும் அவள் வந்தாள். இங்கே தலை நரைத்தபோது அங்கேயும் நரைத்தது. இப்போதெல்லாம் எங்கள் ஊரில் 'வணக்கம்' விழுந்தாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. பெரியம்மாள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனபிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறோம்.