ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி

என் இடது கால் என்னைவிட நான்கு நிமிடம் தாமதமாக வருகிறது. இது தொடங்கிப் பதினொரு நாள் ஆகிறது. முதல் நாள் மூன்றரை நிமிடம்தான். நான் தவறாகக் குறித்திருக்கவும் கூடும்.

ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். கால் வந்ததும் பேன்ட்டுக்குள் புகுந்துகொள்கிறது. செருப்பை அதுவே போட்டுக்கொண்டு வருகிறது. அந்த வகையில் குறை சொல்ல முடியாது.

ஒற்றைக் காலில் எப்படி அவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று ஒருநாள் கவனித்துப் பார்த்தேன். கவனிக்கும்போது நடக்க முடியவில்லை. அதனால் கவனிப்பதை விட்டுவிட்டேன்.

இதை என் மனைவியிடம் சொல்லவில்லை. சந்தனமாரி இந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் பதினேழாம் கட்டிலில் படுத்திருக்கிறாள். கணையத்தில் கட்டி. வயது இருபத்தேழு. பங்குனியைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு வார்டில் மாசி முடியவில்லை. தினசரிக் காலண்டரில் கிழிக்கக் கிழிக்க மாசித் தாளே வருகிறது. இன்று மாசி நாற்பத்து மூன்று. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எஸ்தர் சிஸ்டர் மட்டும் ஊசிச் சீட்டில் தேதி போடும்போது ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார்.

இந்த மருத்துவமனையில் ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளிதான். இரண்டாவது ஆள் நோயாளியானால் முதல் ஆள் குணமாகிவிட்டதாக எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மருந்தும் நின்றுவிடும். நான் காலைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான்.

என்னைப்போல் நோயாளிக்குத் துணை இருக்கும் அட்டெண்டருக்கு வேறு விதி. வெள்ளிக்கிழமை தோறும் நான்கு மணிக்குக் கீழே கவுன்ட்டரில் பாஸைப் புதுப்பிக்க வேண்டும். தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. அதன்மேல் இரண்டு காலும் வைத்து நிற்க வேண்டும். மணி அடித்து ஓய்வதற்குள் கவுன்ட்டர்காரர் குனிந்து பார்ப்பார். ஒரு கால் குறைந்தாலும் பாஸ் போய்விடும். நோயாளிக்குப் பொது அட்டெண்டரைப் போட்டுவிடுவார்கள்.

பொது அட்டெண்டர் காக்கிச் சட்டைக்காரர். ஒரே நேரத்தில் பதினாறு கட்டில்களின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பார். போன வாரம் இருபதாம் கட்டில் அம்மாள் அவர் கையைப் பிடித்தபடி இறந்துபோனார். அப்போதும் அவர் "ஆகட்டும்" என்றார்.

சந்தனமாரி பக்கத்தில் அவர் உட்காரக் கூடாது. எனக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

நான் மாலை நேரப் பாலிடெக்னிக்கில் நில அளவை படிக்கிறேன். அந்தப் பழக்கத்தில் லிஃப்டிலிருந்து கட்டில் வரை தினமும் காலடியால் அளந்து நோட்டில் குறிக்கிறேன். திங்கட்கிழமை எண்பத்து நான்கு காலடி. செவ்வாய்க்கிழமை நூற்றுப் பன்னிரண்டு. வியாழக்கிழமை இருநூற்று ஆறு. இடையில் ஒரு பஸ் நிறுத்தம் வந்திருந்தது. இடது கால் இல்லாமல் எண்ணியதால் பிழை இருக்கலாம். வகுப்பில் வாத்தியாரிடம் கேட்டேன்.

"அளக்கவன் சரியா இருக்கானான்னு மொதல்ல பாரு" என்றார்.

அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, புறநோயாளிப் பிரிவுக்குப் போயிருந்தேன். டாக்டர் சுத்தியலால் என் வலது முழங்காலைத் தட்டினார். இடது பக்கம் பார்த்தார்.

"எங்க?"

"வந்துக்கிட்டு இருக்கு சார்."

காத்திருந்தோம். கால் வந்தது. டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அதைத் தனியாகப் பரிசோதித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நரம்பு. இப்ப நாலு நிமிஷம். அப்புறம் பத்தாகும். அப்புறம் வலது காலும் இதுகூடச் சேந்துக்கும்."

"அப்புறம் சார்?"

"கை."

"மருந்து உண்டா சார்?"

"உண்டு. நிறுத்தி வைக்கலாம். ஆனா உடனே சேரணும். வீட்டுல வேற யாரும் பேஷண்ட் இருக்காங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

அவர் சேர்க்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பொய் சொன்னதை அன்று நோட்டில் எழுதினேன். பிறகு அடித்தேன். அடித்தது நன்றாகத் தெரிந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. மூன்றரை மணிக்கே கிளம்பினேன்.

"எங்க போறிய அத்தான்?" என்று சந்தனமாரி கேட்டாள்.

"கீழ. பாஸ் புதுப்பிக்க."

"நாலு மணிக்குத்தான?"

"கூட்டமா இருக்கும்."

"போன வாரம் ஈ காக்கா இல்லன்னு சொன்னிய."

"இந்த வாரம் இருக்கும்."

"சரி, போங்க. ஈ காக்காயக் கேட்டதாச் சொல்லுங்க."

மூன்று நாற்பதுக்குக் கோட்டின்மேல் வலது காலை வைத்தேன். மூன்று நாற்பத்து நான்குக்கு இடது கால் வர வேண்டும். வரவில்லை. மூன்று ஐம்பதுக்கும் வரவில்லை. கணக்கில் எங்கே தவறினேன் என்று யோசித்தேன்.

கவுன்ட்டர்காரர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுதான் இருக்கு?"

"இன்னொண்ணு வருது சார்."

"எங்கேருந்து?"

"மூணாவது மாடி."

நான்கு மணிக்கு அவர் மணியின் பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. பொத்தானிலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை. விரல் எடுக்கும் வரை மணி ஓயாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார். "சீக்கிரம். விரல் வலிக்கி."

"கோட்ட விட்டு நகரக் கூடாதே சார்?"

"கால்தான நகரக் கூடாது? அத வச்சிட்டுப் போங்க."

வலது காலைக் கோட்டில் விட்டுவிட்டு மாடி ஏறினேன். ஒரு காலும் இல்லாமல் ஏறுவது எளிதாக இருந்தது. நடைபாதையில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டினேன். அதற்கப்பால் புதிதாக ஒரு ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். அது திறக்கும் வரை நின்றேன். மணிச் சத்தம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

பதினேழாம் கட்டிலின் பக்கத்தில், என் ஸ்டூலில், என் இடது கால் உட்கார்ந்திருந்தது. சந்தனமாரி அதன் முழங்காலில் கை வைத்திருந்தாள். மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பயமாத்தான் இருக்கு. அவர்ட்ட சொல்லிராத. நோட்டுல எழுதி அதச் சுத்தி ஒரு கட்டம் போட்டுருவாரு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"எத்தன நாளா மாரி?"

"பதினொரு நாளா. நீங்க கெளம்பினதும் இது கெளம்பாது. நாலு நிமிசம் எங்கூட இருந்துட்டுத்தான் போகும். இன்னைக்கு நாந்தான் விடல."

"மணி அடிக்கி. பாஸ் போயிரும்."

"எனக்கும் காது கேக்கும்."

"பெறகு ஏன் விடல?"

தலையணைக்கு அடியிலிருந்து அவள் சேர்க்கைச் சீட்டை எடுத்தாள். நான்காக மடித்தது அப்படியே இருந்தது.

"சட்டையத் தொவைக்கக் குடுக்கையில பாத்தேன். ஒடனே சேரணும்னு போட்டுருக்கு. நீங்க சேரல."

"நீ போன பெறகு சேந்துக்கிடுதேன்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. எத்தனையோ நாளாக இருவரும் சுற்றி வைத்திருந்த ஒன்று நடுவில் வந்து விழுந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் பொது அட்டெண்டர் "ஆகட்டும்" என்றார்.

"நீங்க வாயப் பொத்துங்க" என்று சந்தனமாரி அவரிடம் சொன்னாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "நான் போன பெறகு நடக்கணுமே அத்தான். எதுல நடப்பிய?"

என்னிடம் அந்த நேரத்தில் கால் இல்லை.

அவள் எழுந்தாள். ஒரு மாதமாக எழுந்திராதவள். டிரிப்ஸ் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். என் இடது காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். என் கழுத்திலிருந்து பாஸைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"படுங்க" என்றாள்.

படுத்தேன். மெத்தையில் அவள் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எனக்கும் அது சரியாக இருந்தது. சூடாகவும் இருந்தது.

அவள் போய்விட்டாள். ஆனால் என் வலது கால் இன்னும் கோட்டின்மேல் நின்றதால் கீழே நடந்தது எனக்குத் தெரிந்தது. ரயில்வே கேட் அவளுக்குத் திறந்தே இருந்திருக்க வேண்டும். முப்பது காலடிகூட ஆகியிருக்காது.

"யாரும்மா நீங்க?" என்றார் கவுன்ட்டர்காரர்.

"அட்டெண்டர்."

"யாருக்கு?"

"பதினேழாம் கட்டில், பாலவேசம். இந்தாங்க சீட்டு."

"பதினேழு சந்தனமாரியில்லா?"

"அது நாந்தான். ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளிதான சார்? இப்ப அவரு."

அவர் ஒரு கையால் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மறு கை விரல் பொத்தானில் இருந்தது.

"அப்ப நீங்க குணமாயிட்டிய."

"ஆமா சார்."

"சந்தோசம்."

"நன்றி சார்."

அவர் குனிந்தார். "கோட்டுல மூணு கால் நிக்கி. கக்கத்துல வேற ஒண்ணு."

"ரெண்டு என்னோடது. மத்தத எடுத்துட்டுப் போயிருவேன்."

அவர் மெதுவாகப் பார்த்தார். பார்ப்பதுதான் அவர் வேலை. சந்தனமாரியின் கால்கள் வீங்கியிருந்தன. நிற்கத் தடுமாறினாள். அது என் வலது காலுக்குத் தெரிந்தது. கோட்டை விட்டு நகராமல் அது அவள் காலோடு ஒட்டிச் சாய்ந்து நின்றது. அதை நான் செய்யச் சொல்லவில்லை.

மணி ஓய்ந்தது. முத்திரை விழுந்தது. கவுன்ட்டர்காரர் விரலை ஊதிக்கொண்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை யாரு வருவிய?"

"யாருக்குக் கால் இருக்கோ அவங்க" என்றாள்.

திரும்பி வந்து என் கால்கள் இரண்டையும் கட்டிலின் கால்மாட்டில் வைத்துப் போர்வையை இழுத்து மூடினாள். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். முகம் வியர்த்திருந்தது. யாரையோ ஏமாற்றிவிட்டு வந்தவள்போலச் சிரித்தாள்.

எஸ்தர் சிஸ்டர் தட்டோடு வந்தார். எங்களைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார்.

"இதுல யாரு நோயாளி?"

"இன்னைக்கு அவரு" என்றாள் சந்தனமாரி.

"நாளைக்கு?"

"அத நாங்க பேசிக்கிடுதோம் சிஸ்டர்."

சிஸ்டர் என் நரம்புக்கு ஓர் ஊசி போட்டார். பிறகு வலி மாத்திரையை எடுத்தார். அது பதினேழாம் கட்டிலுக்கு உள்ளது. நான்தான் விழுங்க வேண்டும். விழுங்கினேன். கசந்தது. சந்தனமாரியின் நெற்றியில் ஆவணியிலிருந்து இருந்த சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

"மாத்திரை கேக்குதா?" என்று சிஸ்டர் அவளிடம் கேட்டார்.

"கேக்குது."

சிஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அட்டெண்டர் கட்டில்ல உக்காரக் கூடாது. தெரியுமில்லா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். போகும்போது எங்கள் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டார்.

சந்தனமாரி என் கையைப் பிடித்தாள். காலை அல்ல.

"எனக்குப் பயமா இருக்கு அத்தான்."

"எனக்கும்."

"நோட்டுல எழுதாதிய."

"கட்டம் போடமாட்டேன்."

அவள் யோசித்தாள். அது போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். டிரிப்ஸ் கம்பியைச் சுவரோரம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க."

தள்ளிப் படுத்தேன். அது ஒருவர் படுக்கும் கட்டில். அவள் ஏறிப் படுத்த பிறகும் இடம் மிச்சம் இருந்தது.