வானவர் கீதத்துக்கு ஒரு மலிவு பேஸ்

ஊதாத் துணிக்குள்ளே நீலப் புள்ளிகள் இல்லை.

நிரோஷினி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். கோயில் முழுக்க இருட்டு. உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய சனி இரவு, பாஸ்கா திருவிழிப்பு தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. சனத்தின் கையிலிருந்த மெழுகுதிரிகளை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். பீடத்தருகே பாஸ்காத் திரி ஒன்று மட்டும் தனியாக நின்று எரிந்தது. வாசகம் படிப்பவருக்கு ஒரு குட்டி விளக்கு. அவ்வளவுதான் வெளிச்சம். இந்த இருட்டில் மின்மினி ஒன்று பறந்தாலும் தெரியும். பாடகர் குழுவின் மூலையில் துணி போர்த்தி நிறுத்தியிருந்த ஜெனிஸ்டனின் பேஸ் கிற்றார் மட்டும் கரிக்கட்டைபோல நின்றது.

வியாழக்கிழமை மாலை அதே துணிக்குள்ளிருந்து பன்னிரண்டு நீலப் புள்ளிகள் மினுங்கியதை அவள் தன் கண்ணால் கண்டவள்.

பற்றறி செத்துவிட்டது!

வானவர் கீதத்துக்கு இன்னும் இரண்டே வாசகங்கள். கீதம் தொடங்கும் நொடியில் மணிகள் அடிக்கும், விளக்குகள் எரியும், பெரிய வியாழனிலிருந்து வாய்மூடிக் கிடந்த வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக முழங்கும். ரொறன்ரோவிலும் பாரிசிலும் சிதறிக் கிடக்கும் துறைமுகத்தடிச் சனம் நேரடி ஒளிபரப்பைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது அந்த நொடிக்காகத்தான். அந்த நொடியில் பேஸ் ஊமையாக நிற்கப்போகிறது. அது கோயிலுக்குள் நிரோஷினி ஒருத்திக்குத்தான் தெரியும்.

எப்படித் தெரியும்? போன வருசம் அதே இடத்தில் ஊமையாக நின்றது அவளுடைய பேஸ்.

உள்ளதைச் சொன்னால் இரண்டு பேஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அமெரிக்காவில் ஒரு கம்பெனி. பேர் சொன்னாலே வாத்தியக்காரர் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். கையால் செய்த ஒரு பேஸ் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குக் கொடுக்கிற காசுக்குக் கொட்பே மீன்பிடித் துறையில் எஞ்சின் பூட்டிய படகு ஒன்று வாங்கலாம். அதே கம்பெனி, கை எட்டாத ஆட்களுக்கென்று, அதே வரைபடத்தை இந்தோனேசியாவில் ஒரு தொழிற்சாலைக்குக் கொடுத்து மலிவாகவும் செய்விக்கிறது. அதே ஐந்து தந்தி. அதே வளைந்த கொம்பு. மரம் வேறு, காந்தம் வேறு, கழுத்தோரம் நீல விளக்கு இல்லை. தலையில் கம்பெனிப் பேருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கும். மற்றவர்கள் அந்த வரியைத்தான் முதலில் வாசிப்பார்கள்.

நிரோஷினி அந்த வரியை ஒருநாளும் மறைத்ததில்லை. உட்துறைமுக வீதியில் படகுகளின் ஆழமானியும் ரேடியோவும் திருத்தும் கடையில் அவளுக்கு வேலை. உப்புக்காற்று மின்சாதனத்தை என்ன பாடு படுத்தும் என்பது அவளுக்கு அத்துப்படி. பேஸ் வந்த கிழமையே வயிற்றைத் திறந்து, ஈயம் சரியாகப் பிடிக்காத இடங்களைச் சூடுவைத்துத் திரும்ப ஒட்டினாள். கோயில் ரியூப் லைற்றின் இரைச்சல் ஏறாதபடி உள்ளே செம்புத்தாள் பதித்தாள். கழுத்தின் குறுக்கே பதித்திருந்த கம்பிகளில் கையைக் கீறிய முனைகளை ஒவ்வொன்றாக அராவினாள். அந்த பேஸில் அவளுடைய விரல் படாத இடம் இல்லை.

ஆனால் இந்தக் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்த கையோடு வாத்தியங்களை நின்ற நிலையிலேயே வைத்துவிட வேண்டும். மேலே ஊதாத் துணி விழும். சனிக்கிழமைக் கீதம் வரை துணியில் யாரும் விரல் வைக்கக் கூடாது. மற்றக் கோயில்களில் கழற்றிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இங்கே அது நடக்காது. மத்தளமும் ஆர்மோனியமும் இருந்த காலத்து வழக்கம் அது. அவற்றுக்குப் பற்றறி கிடையாது.

இந்த மாதிரி பேஸுக்கு உண்டு. உள்ளே சதுரமாக ஒரு ஒன்பது வோல்ற் பற்றறி. தனியாகச் சுவிச் இல்லை. கேபிளைச் செருகினால் பற்றறி வேலை செய்யத் தொடங்கும், கழற்றினால்தான் ஓயும். போன வருசம் துணிக்குள்ளே கேபிளோடு கிடந்த பழைய பற்றறி, சனிக்கிழமை கைவிட்டுவிட்டது.

"மலிவுச் சாமானை நம்பினால் இதுதான் கதி" என்று லெஸ்லி மாஸ்டர் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். பாடகர் குழுவை நடத்துபவர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மறுநாள் நிரோஷினி பற்றறியை மீற்றரில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து காரணம் சொன்னாள். மாஸ்டர் காதில் ஏற்றவில்லை.

"நல்ல சாமானுக்குக் காரணம் தேவைப்படாது பிள்ளை."

இந்த வருசம் அவருக்கு நல்ல சாமான் தானாக வந்து சேர்ந்தது. இந்தத் தெருவில் பிறந்து ரொறன்ரோவில் வாசிக்கும் ஜெனிஸ்டன், லீவில் வந்தபோது ஒரிஜினலையே கையோடு கொண்டுவந்துவிட்டான். ஐந்து வருசமாக பேஸ் வாசித்த நிரோஷினியை மாஸ்டர் பெண்கள் வரிசையில் பாட நிறுத்தினார்.

"இந்த முறை மட்டும்தானே மாஸ்டர்?"

"நல்லாப் போனா ஜெனிஸ்டன் ஒவ்வொரு உயிர்ப்புக்கும் வாறன் எண்டு சொல்லுறார். பாப்பம்."

பாப்பம் என்றால் முடிந்தது என்று அர்த்தம். நிரோஷினிக்கு அது அன்றைக்கே விளங்கிவிட்டது.

வியாழன் மாலை நீலப் புள்ளிகளைக் கண்டதும் அவள் பொறுக்கமாட்டாமல் சொல்லிப் பார்த்தாள். "மாஸ்டர், கேபிளை மட்டும் கழட்டி விடுவம். லைற்றும் சேர்ந்து பற்றறியைக் குடிக்கும்."

"கீதம் முடிஞ்சுது. துணி போட்டாச்சு. கையை எடும்."

அதனால்தான் இன்றைக்குத் தன் பேஸைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பாதுகாப்புக்காக வாசலில் பை சோதித்தவர்கள் திறந்து பார்த்து மூடினார்கள். வரிசையில் பக்கத்தில் நிற்கும் மாகிரட் அக்காதான் வாயை மூடவில்லை.

"ஏன்டி நிரோ, இதென்ன? பாட்டுக்காரிக்குக் கிற்றார் என்னத்துக்கு? சாய்ஞ்சு நிக்கவோ?"

"வீட்டிலை தனிய விட மனமில்லை அக்கா."

"கலியாணம் கட்டின மாதிரிக் கதைக்கிறாய்."

இப்போது இருட்டில் நிரோஷினி குனிந்து, வரிசையை விட்டு நழுவி, முன்பெஞ்சில் இருந்த ஜெனிஸ்டனுக்குப் பின்னால் போய்க் குந்தினாள்.

"ஜெனிஸ்டன் அண்ணா. உங்கடை பேஸ் செத்துப்போச்சு."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "என்ன கதை இது?"

"லைற் இல்லை. பாருங்கோ."

பார்த்தான். சிரிக்க முயன்றான். "ஆறாயிரம் டொலர் சாமான் தங்கச்சி. ரெண்டு நாளிலை சாகாது."

"விலை பற்றறிக்குத் தெரியாது அண்ணா. என்னட்டைப் புதுசு ஒண்டு இருக்கு. மூடி எப்பிடித் திறக்கிறது?"

ஜெனிஸ்டன் ஒரு கணம் யோசித்தான். முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. "நாலு ஸ்குறூ. அங்கை கடைக்காரன்தான் மாத்தித் தாறவன். நான் ஒருநாளும் திறந்ததில்லை."

நாலு ஸ்குறூ! அவளுடைய பேஸில் நகத்தால் தட்டினால் திறக்கிற பிளாஸ்ரிக் மூடி.

"உஸ்ஸ்!" லெஸ்லி மாஸ்டர் இருட்டிலிருந்து சீறினார். "என்ன அங்கை?"

"மாஸ்டர், பற்றறி..."

"துணியிலை கை வைச்சா நான் இந்தக் குழுவிலை இல்லை. போய் நில்லும்!"

வாசகம் முடிந்தது. பதிலுரைப் பாடல், வாத்தியமில்லாமல் வெறுங்குரலில். கடைசி வாசகம் தொடங்கியது. நிரோஷினி போய் நின்றாள். நிற்பதற்கு முன் பையின் சிப்பைச் சத்தமில்லாமல் இழுத்தாள். பேஸை எடுத்துப் பட்டியைத் தோளில் போட்டாள். மாகிரட் அக்கா வாயைத் திறந்தாள், நிரோஷினியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு எட்டு விலகி இடம் விட்டாள்.

பாதிரியார் கீதத்தின் முதல் வரியை எடுத்தார்.

விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எரிந்தன. மேலே பெரிய மணி, கீழே பீடப் பையன்களின் கைமணிகள். ஊதாத் துணிகள் பறந்து விழுந்தன. ட்ரம்ஸ் இடித்தது. கீபோர்ட் ஏறியது. ஜெனிஸ்டன் பேஸைத் தூக்கித் தந்தியை அடித்தான்.

ஒன்றுமில்லை.

மறுபடி அடித்தான். காய்ந்த தந்தி டிக் டிக் என்றது. முழுக் கோயிலும் பாடிக்கொண்டிருக்க, பாட்டுக்குக் கீழே நிலம் இல்லாததுபோல இருந்தது. லெஸ்லி மாஸ்டரின் கை காற்றில் தாளம் போட்டது, கண் பேயறைந்ததுபோல ஜெனிஸ்டனைப் பார்த்தது. பிறகு அந்தக் கண் சுழன்று நிரோஷினியின் தோளில் தொங்கிய பேஸில் வந்து நின்றது.

ஒரு கையால் தாளத்தை விடாமல், மற்றக் கையால் அவளையும் ஜெனிஸ்டனையும் மாறி மாறிக் காட்டினார். "குடும்! அவரிட்டைக் குடும்!"

இதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

கொடுத்தால் என்ன? கீதம் பிழைக்கும். ஜெனிஸ்டன் கெட்டிக்காரன், நன்றாகத்தான் வாசிப்பான். வீடியோவில் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவள் மட்டும் பாட்டுக்காரியாக நின்றுவிடுவாள், இன்றைக்கும் இனி வரும் உயிர்ப்புகளுக்கும்.

நிரோஷினி இரண்டு எட்டில் மாஸ்டரின் முன்னால் போய் நின்றாள்.

"ஏலாது மாஸ்டர். இந்த பேஸுக்கு ஆள் இருக்கு."

மாஸ்டரின் தாளம் ஒரு அடி தவறியது. அவருடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று மாகிரட் அக்கா பிறகு சத்தியம் பண்ணினாள்.

நிரோஷினி கையை நீட்டினாள். "அண்ணா, கேபிளைத் தாங்கோ."

ஜெனிஸ்டன் அவளைப் பார்த்தான். அவளுடைய பேஸின் தலையைப் பார்த்தான். அவன் செய்ததை நிரோஷினி சாகும்வரை மறக்கமாட்டாள். குனிந்து ஸ்பீக்கரின் சத்தத்தை முழுதாக இறக்கினான், தன் பேஸிலிருந்து கேபிளைப் பிடுங்கி அவள் கையில் வைத்தான். அவள் செருகியதும், தன் ஆறாயிரம் டொலர் வாத்தியத்தைப் பெஞ்சில் கிடத்திவிட்டு, முழங்காலில் இருந்தபடியே குமிழை மெல்ல மெல்ல ஏற்றினான்.

இரண்டாம் சரணத்துக்கு மூன்று அடி. இரண்டு. ஒன்று.

எல்லாவற்றிலும் தடித்த ஐந்தாவது தந்தியை அடித்தாள்.

அடியிலிருந்து கிளம்பியது சத்தம். பெஞ்சுகளின் பலகைக்குள்ளால் ஓடியது. கண்ணாடி யன்னல்கள் சட்டத்துக்குள் நடுங்கின. மூன்றாம் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழும்பிச் சிரித்தது. சனம் என்ன நடந்தது என்று தெரியாமலே குரலை உயர்த்தியது. காலுக்குக் கீழே நிலம் வந்துவிட்டதல்லவா! ட்ரம்ஸ்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு அவளோடு சேர்ந்து அடித்தான். ரியூப் லைற்றுகள் அத்தனையும் எரிந்தும் ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. செம்புத்தாள் பேசியது. அராவிய கம்பிகளில் விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜெனிஸ்டன் எழும்பவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் முழங்காலிலேயே இருந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பூசை முடிந்து சனம் முற்றத்தில் கைகொடுத்துக்கொண்டு நின்றபோது, லெஸ்லி மாஸ்டர் பாட்டுக் கொப்பிகளை ஒரு தடவைக்கு மூன்று தடவை அடுக்கினார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"பற்றறியோ?"

நிரோஷினி வாயைத் திறக்குமுன் ஜெனிஸ்டன் முந்திக்கொண்டான். "ஓம் மாஸ்டர். போன வருசம் இவவுக்கு நடந்ததுதான் எனக்கும். ஒரே கம்பெனி, ஒரே வருத்தம். எனக்கு மருந்து தெரியாது, இவவுக்குத் தெரியும்."

மாஸ்டர் கொப்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப வழக்கத்தை மாத்தச் சொல்லுறீரோ பிள்ளை?"

"துணி இருக்கட்டும் மாஸ்டர். கேபிள் வழக்கத்திலை இல்லை. வழக்கம் வரேக்கை இஞ்சை கரண்டே வரேல்லை."

மாகிரட் அக்கா கெக்கட்டம் போட்டுச் சிரித்தாள். மாஸ்டரின் மீசையும் அசைந்ததுபோல இருந்தது.

"இஞ்சை பாருங்கோ, இஞ்சை பாருங்கோ!" மாகிரட் அக்கா கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கமெரா பீடத்தைவிட்டு அசையாத ஒளிபரப்புக்குக் கீழே சனம் எழுதித் தள்ளியிருந்தது. அவள் உரக்க வாசித்தாள். "ரொறன்ரோவிலையிருந்து ஒருத்தர். 'அந்த பேஸ் சத்தத்துக்கே டிக்கெற் போட்டு வரலாம். ஒரிஜினல் எண்டா ஒரிஜினல்தான். ஜெனிஸ்டனுக்கு வாழ்த்துக்கள்.'"

எல்லாரும் நிரோஷினியின் முகத்தைப் பார்த்தார்கள். கோபிப்பாளோ என்று. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, அடிவயிற்றிலிருந்து. ஒரிஜினல் என்று கேட்டவரின் காதே சொல்லிவிட்டது. இதைவிட என்ன வேண்டும்?

"தாங்கோ அக்கா" என்று ஜெனிஸ்டன் கைபேசியை வாங்கினான். கீழே தட்டினான், தட்டும்போதே வாய்விட்டுச் சொன்னான். "நான் ஜெனிஸ்டன். என்ரை பேஸ் வேலை செய்யேல்லை. நீங்கள் கேட்டது மலிவு மொடல். வாசிச்சவ நிரோஷினி. எங்கடை கோயிலின்ரை பேஸ் அவதான்."

அனுப்பிவிட்டு மாஸ்டரைப் பார்த்தான்.

லெஸ்லி மாஸ்டர் பாட்டுக் கொப்பிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நாலு எட்டு வைத்தபின் திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்குக் காலமை ஏழு மணிப் பூசை. பேஸ்காரர் ஆறரைக்கு நிக்கவேணும்."

"எந்தப் பேஸ்காரர் மாஸ்டர்?" என்றாள் நிரோஷினி. விடுவாளா?

மாஸ்டர் நின்றார். திரும்பினார். முற்றத்துச் சனம் அத்தனைக்கும் கேட்கிற குரலில், வகுப்பில் முதல் வந்த பிள்ளையின் பேரைக் கூப்பிடுகிற மாதிரி, அவளுடைய முழுப்பேரையும் சொன்னார்.