கால்வாய்ப் பக்கத்து கோல்

இப்போதெல்லாம் மேட்சுக்கு வருகிறவன் எவனும் மேட்ச் பார்ப்பதில்லை. போனைத் தூக்கிப் பிடித்துத் தன் மூஞ்சியைப் பார்க்கிறான். என் மனைவி மாவிஸ் இருந்திருந்தால் குடையால் ஒரு போடு போட்டிருப்பாள்.

ஸ்கெல்பி டவுன் கிளப் மேல் என்னைவிட அவளுக்குத்தான் பைத்தியம் அதிகம். பஞ்சாலைக்காரர்கள் ஆரம்பித்த கிளப் அது. அவள் அப்பா அதில் கோல்கீப்பர். ஒரு காலத்தில் இரண்டாம் டிவிஷனில் மூன்று வருடம் தாக்குப்பிடித்தோம். பிறகெல்லாம் இறக்கம்தான். முந்தின வருடம் நான்காம் டிவிஷனில் கடைசி நாளில் தப்பித்தோம். போன வருடம் தப்பவில்லை. தொண்ணூற்றேழு வருடம் இருந்த லீக்கைவிட்டே வெளியே வந்துவிட்டோம். லீக்கில் பிளாஸ்டிக் புல் கூடாது. லீக்குக்குக் கீழே இறங்கிவிட்டால் போடலாம். புது முதலாளி உடனே போட்டுவிட்டான்.

அவன் பெயர்த்தெறிந்த பழைய புல்லுக்கு அடியில்தான் மாவிஸ் இருந்தாள். எங்கள் ஊரில் பலருடைய சாம்பலும் மைதானத்தில்தான். மேலே தூவினால் புல் கருகும் என்று மைதானத்துக்காரன் சிரில் ஒரு சதுரம் புல்லைப் பெயர்த்து, அடியில் போட்டு மூடினான். கால்வாய்ப் பக்கத்து கோல், இடது கம்பத்திலிருந்து மூன்று எட்டு. அந்த இடம் எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஆகஸ்டில் கிளப்பிலிருந்து போன் வந்தது, அவரவர் சாம்பல் கலந்த மண்ணை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி. போனேன். மேஜைமேல் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், உள்ளே மண். பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்தார். ஆபீஸ் பெண் இமோஜன் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"இது எங்க எடுத்த மண்ணும்மா?"

"கோலுக்கு முன்னாடிதான் சார்."

"எந்த கோலு?"

அவள் பேப்பரைப் புரட்டினாள். "கால்வாய்ப் பக்கம்னுதான் போட்டிருக்கு."

"கால்வாய்ப் பக்கம் மண்ணு கரியா இருக்கும். ஆலை பாய்லர் சாம்பல கொட்டி மேடாக்குன இடம் அது. சிரில் புல்லப் பேத்தப்ப நானே கையால அள்ளிப் பாத்திருக்கேன். இது செம்மண்ணு."

பக்கத்தில் நின்ற டக்கி என் தோளைத் தட்டினான். ஐம்பது வருடமாக எனக்குப் பக்கத்து சீட்டுக்காரன். "வாங்கிக்கடா கிழவா. ரெஃப்ரிகிட்ட கத்துற மாதிரி கத்தாத. மாவிஸ் இருந்தா உனக்குத்தான் சிவப்பு அட்டை."

"நீ வாய மூடு."

இமோஜன் தணிந்த குரலில் சொன்னாள். "மே மாசமே லெட்டர் போட்டோம் சார். புல்ல எடுக்குறதுக்கு முன்னாடி வந்து இடத்தக் காட்டச் சொல்லி. மத்த எல்லாரும் வந்தாங்க. உங்களுக்கு ரெண்டு தடவ போட்டோம்."

வந்தது. இரண்டும் வந்தது. மேலே கிளப் முத்திரையைப் பார்த்ததும், எதையோ தலையில் கட்டப் பார்க்கிறான்கள் என்று பிரிக்காமலே குப்பையில் போட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"மிச்ச மண்ணு எங்க?"

"லாரில போயிடுச்சு சார். பைபாஸ் ரோடு போடுற இடத்துக்கு."

டக்கி தொப்பியைக் கழற்றினான்.

"ஒருவேளை இதுலயும் கொஞ்சம் இருக்கலாம் சார்," என்றாள் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது. நல்ல பெண்தான்.

ஜாடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். ஈரமான செம்மண். ஒரு பொட்டு கரி இல்லை. ஜாடியை மூடித் திரும்ப மேஜையிலேயே வைத்தேன்.

"இது அவ இல்ல," என்றேன்.

டக்கி பின்னாலிருந்து கூப்பிட்டான். நான் திரும்பாமல் நடந்தேன்.