வராத கட்டடத்தின் நிழல்

கட்டடம் வருவதற்கு முன்பே அதன் நிழல் வந்துவிட்டது. நகரசபை ஊழியர் காலிமனையின் வேலியில் ஆறு மாடிக் கட்டடம் வரப்போகிற அறிவிப்பை ஒட்டிவிட்டுப் பசைவாளியோடு கிளம்பிய அன்று மதியம், பக்கத்து வீட்டுத் தையல்காரியின் முன்னறையில் ஆறு மாடி நிழல் விழுந்தது. வானத்தில் மேகம் இல்லை. மனையில் களைச்செடிகளையும் உடைந்த நாற்காலி ஒன்றையும் தவிர எதுவும் இல்லை. நிழலின் ஓரம் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தது. உச்சியில் தண்ணீர்த்தொட்டிகூடத் தெரிந்தது. பொழுது சாயச் சாய மற்ற நிழல்கள் இடம் மாறின. இது அவள் சன்னலை விட்டு அசையவில்லை. தெரு ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது.

அவளால் பழக முடியவில்லை. அவள் தைப்பது வக்கீல்களின் கறுப்புக் கோட்டு. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடுவதைப் பகல் வெளிச்சம்தான் காட்டும். பல்பு வெளிச்சத்தில் துணி பளபளக்குமே தவிர நூல் கண்ணில் படாது. முதல் மாதமே மூன்று கோட்டுகள் திரும்பி வந்தன. ஒன்றில் காலர் கோணல்.

திட்டக்குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம் என்று அறிவிப்பில் இருந்தது. துணைக்கு, அதே வீட்டில் குடியிருக்கும் தன் தம்பியை அழைத்துப் போனாள். டாக்சி ஓட்டுகிறவன், வாய் நீளம். "நீ சும்மா இரு அக்கா. நான் ரெண்டு வார்த்தை பேசினா ஆடிப்போயிடுவாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

செயலாளர் எழுந்து விதிகளைப் படித்தார். எதிர்ப்பவர்கள் முதலில், பேர் கொடுத்த வரிசைப்படி பேசலாம். ஆளுக்கு ஒரு தடவைதான். ஒருவர் பேசிய விஷயத்தை அடுத்தவர் பேசக் கூடாது. வரைபடத்தில் உள்ளதைத் தவிர வேறெதையும் எடுக்கக் கூடாது. மேசைமேல் பச்சை விளக்கு எரியும்வரை பேசலாம். சிவப்பு வந்தால் சொல் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். விண்ணப்பித்தவர் கடைசியில் பேசுவார், அவருக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது.

தம்பி முந்திக்கொண்டு பேர் கொடுத்திருந்தான். ஆறு மாடிச் சனமும் வண்டியை எங்கே நிறுத்தும் என்று கேட்டான், நன்றாகவே கேட்டான். கேட்டு முடித்த பிறகும் பச்சை எரிந்துகொண்டிருந்தது. கையில் நேரத்தை வைத்துக்கொண்டு உட்கார அவனுக்கு மனம் வரவில்லை. "இன்னொண்ணு. இப்பெல்லாம் நிழல் விழுறதால என் கார் சீட்டு சுடறதில்ல. அதையும் சொல்லணும்ல" என்றான். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

அடுத்து அவள் எழுந்து, "ஐயா, நிழல்..." என்றாள். தலைவர் பேனாவைத் தூக்கினார்.

"அம்மா, நிழலப் பத்தி உங்க தம்பி பேசிட்டாரு."

"அவன் எங்க பேசினான்? நன்றிதானே சொல்லிட்டு உக்காந்தான்!"

"என்ன பேசினாருங்கறது இல்லம்மா. பேசினாரா, அதான்."

"அப்ப என் வீட்டுக்கு வந்து ஒருதரம் பாருங்க. இப்பவே விழுந்து கிடக்கு."

"கட்டாத கட்டடத்துக்கு ஏதும்மா நிழல்? படத்துல இருக்கிறதப் பேசுங்க."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணு, நிழல் இருக்குன்னு..." என்று ஆரம்பிக்கும்போது சிவப்பு எரிந்தது. மிச்ச வாக்கியம் தொண்டையில் கொட்டையாக நின்றது. அதோடுதான் வீட்டுக்கு வந்தாள். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

கட்டடம் மட்டும் வரவில்லை. மனைக்காரர் பங்காளியோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு ஊர்ப் பக்கம் போய்விட்டார். நிழல் நின்றது. அவள் கூட்டம் தவறாமல் போய்ப் பேர் கொடுத்தாள். ஒப்புதல் ஆன விஷயத்தை மறுபடி எடுக்க முடியாது என்றார்கள். சில ஆண்டுகளில் ஒப்புதல் காலாவதியானது; காலாவதியான திட்டத்தைப் பற்றிப் பேச விதி இல்லை என்றார்கள். தம்பியோடு அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோறு வைத்திருப்பதைக்கூடத் தம்பி மனைவியிடம்தான் சொல்வாள்: "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, குழம்பு ஆறுதாம். ஆறினதும் அதுக்கும் ஒரு நன்றி சொல்லச் சொல்லு." அவன் மூன்றடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒருநாள், காற்றில் பறந்த கோட்டுத் துணியை எடுக்க வேலி தாண்டியவள் மனையின் நடுவில் நின்றுவிட்டாள். அங்கே வெயில் பளீரென்று அடித்தது. கட்டடம் தன் நிழலை வெளியேதான் போட்டது, தான் நிற்கவேண்டிய இடத்தில் போடவில்லை. துணியை விரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தையலும் எண்ணிவிடலாம்போல் தெரிந்தது. மறுநாள் தையல் இயந்திரத்தை அங்கே நகர்த்தினாள். எப்போதோ வந்து எட்டிப்பார்த்த மனைக்காரர், "இருங்கக்கா, காவலுக்கு ஆளாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். நகரசபை அப்படி விடவில்லை. காலிமனையில் தொழில் நடத்த அனுமதி வேண்டும், கூட்டத்துக்கு வரவும் என்று அறிவிப்பு ஒட்டியது.

இந்த முறை அவள் விண்ணப்பித்தவள். எதிர்ப்பவர் பட்டியலில் ஒரே பேர், அவள் தம்பியுடையது. அவன் எழுந்து யாரையும் பார்க்காமல் சொன்னான்: "எதிர்ப்பு ஒண்ணும் இல்லைங்க. வேற வரிசையில பேசவிட மாட்டீங்களே, அதான் இதுல பேர் கொடுத்தேன். நிழலப் பத்தி அன்னிக்கு நான் பேசினத வாபஸ் வாங்கிக்கிறேன். அது அக்கா பேசவேண்டியது." வாபஸ் வாங்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. செயலாளர் விதிப்புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அவள் எழுந்தாள். பச்சை எரிந்தது. அன்று சிவப்பு வந்து விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள்: "...சொல்லுங்க, இல்லாட்டி இல்லன்னு சொல்லுங்க. ரெண்டையும் சொல்லி என்னை உக்கார வைக்காதீங்க." கொட்டை இறங்கியது. மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, பேசாமல் நின்றாள். விண்ணப்பித்தவருக்குப் பதில் சொல்லக் கூடாது என்பதால் தலைவரும் பேசவில்லை. சிவப்பு வரும்வரை அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அனுமதி கொடுத்தார்கள்.

நிழல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தம்பி காரை அதில் நிறுத்துகிறான். அவள் பகலெல்லாம் மனை வெயிலில் தைத்துவிட்டு, சாப்பிட மட்டும் முன்னறைக்கு வருகிறாள். "நல்லா குளுகுளுன்னு இருக்குடா" என்று அவனிடமே சொல்கிறாள்.