வைக்கவா, தைக்கவா

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து பிறந்தது. சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய கட்டணக் கழிப்பறையை நடத்த ஆள் வேண்டும், வாசலில் ஒரு சிறு தொழிலும் செய்துகொள்ளலாம் என்று நகராட்சி கொடுத்த இரண்டு பக்கப் படிவம். சித்தி மூன்று நாள் உட்கார்ந்து அதை நிரப்பிவிட்டாள். ஒரு கட்டம் மட்டும் காலி: தொழில் செய்பவரின் கையொப்பம். அது சித்தப்பா போட வேண்டியது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். சித்தப்பா பேனாவையே தொட மாட்டேன் என்கிறார்.

"ஒரு இடம் என் கையால போனது போதும். இன்னொண்ணையும் கெடுக்கணுமா?"

அவர் இதை ஐந்து வருடமாகச் சொல்லி வருகிறார். சித்தியும் நம்பிவிட்டாள். அது உண்மையில்லை என்று தெரிந்த ஒரே ஆள்—

(இந்த வாக்கியத்தை இங்கே முடிக்க முடியவில்லை. பின்னால் முடிக்கிறேன். மறந்தால் நினைவுபடுத்துங்கள்.)

2

நான் போகிற மாலை நேர எழுத்து வகுப்பில் கதையின் தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். எழுதினேன்.

முதலாவது: "பேருந்து நிலையத்தின் மூலையில் ஒரு கழிப்பறை இருந்தது. அதன் வாசலில் பினாயில் வாசனையும் பசை வாசனையும் இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன." வாசனை வந்துவிட்டது, ஆளைத்தான் காணோம். இப்படியே போனால் கதை கட்டடத்தைச் சுற்றி வெள்ளையடித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது: "சித்தப்பாவின் கை தவறு செய்ததே இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர." அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்பதுதான் மீதிக் கதை.

மூன்றாவது: "ஒரு மழை நாளில் ஒரு ஜோடிச் செருப்பு வலது பலகைக்குப் போய்ச் சேர்ந்தது." இதை என் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டினேன். அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிறவர். எதையும் இரண்டு முறை பார்ப்பார். "செருப்பு எப்படிங்க தானா நடந்து போகும்? உள்ள யாரு கால் இருந்துச்சு?" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

3

பலகை என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்காது. சொல்கிறேன். இதைச் சொல்வது எனக்குப் பிடித்த வேலையும்கூட.

பேருந்து நிலையத்தில் சித்தி முன்பு நடத்திய அந்தக் கட்டணக் கழிப்பறையில் ஏழு அறைகள். பெண்களுக்கு நான்கு, ஆண்களுக்கு மூன்று. தெருச் செருப்போடு யாரும் உள்ளே போகக்கூடாது. சேறு ஒரு தடவை உள்ளே போய்விட்டால் நாள் முழுக்கக் கழுவினாலும் போகாது என்பாள் சித்தி. வாசலில் கழற்றிவிட்டு, அங்கே இருக்கிற நீல ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். அந்த ரப்பர் செருப்புகளின் முனையில் சித்தப்பா கத்தியால் ஒரு வெட்டு வெட்டி வைத்திருந்தார். வெட்டுப்பட்ட செருப்பைத் திருடிப்போய் யாரும் மாப்பிள்ளை பார்க்கப் போக முடியாது.*

* இது சித்தப்பாவின் நகைச்சுவை. ஒவ்வொரு முறை வெட்டும்போதும் சொல்வார். நாங்களும் ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

சித்தப்பா செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டுகிற பிரிவில் பதினேழு வருடம் இருந்தவர். தொழிற்சாலையை மூடியதும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சித்திக்குத் துணையாக வாசலில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கண்ணெதிரே கழற்றிப் போட்ட செருப்புகள் நாள் முழுக்கக் கிடந்தன. அறுந்த வார், பிளந்த அடி, தேய்ந்த குதிகால். அவருக்குக் கை துறுதுறுவென்றது. இப்படித்தான் அந்தத் தொழில் ஆரம்பித்தது.

வாசலில் இரண்டு பலகைகள் போட்டோம். கட்டண மேசையில் இருக்கிறவர் செருப்பைக் கையில் வாங்கி, ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "வைக்கவா, தைக்கவா?" வைக்கச் சொன்னால் இடது பலகை. தைக்கச் சொன்னால் வலது பலகை. வலது பலகையில் இருப்பதை மட்டும் சித்தப்பா எடுப்பார். கேள்வி கேட்க மாட்டார். உள்ளே போனவர் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் செருப்பு தயாராக நிற்கும், மூக்கு தெருப்பக்கம் திரும்பி, காலை நுழைத்தால் நடக்கலாம் என்பதுபோல. கழிப்பறைக் கட்டணம் தண்ணீருக்கும் பினாயிலுக்குமே சரியாகப் போகும். மற்ற எல்லாவற்றையும், விளக்கிலிருந்து எங்கள் சாப்பாடு வரை, வலது பலகைதான் தாங்கியது.

(வகுப்பில் சொல்வார்கள், ஏக்கம் வந்தால் வாக்கியத்தைச் சுருக்கு என்று. சுருக்குகிறேன். மழையில் தகரக் கூரை. சித்தியின் வாளிச் சத்தம். "ரெண்டாம் நம்பர் காலி!" இரும்புக் கால்மேல் செருப்பைக் கவிழ்த்து சித்தப்பா தட்டுகிற தட்டு, டக் டக், ஒரு சின்ன இடைவெளி, டக். அந்த இடைவெளியில் அவர் மூச்சை இழுப்பார். இன்னும் சுருக்க முடியவில்லை.)

4

இனி அந்த நாள். இதைச் சித்தப்பாவின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அங்கே நின்றால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

காலையிலிருந்து தூறல். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறதா, வேறு ஆளுக்குக் கொடுக்கிறதா என்று பார்க்க அதிகாரி ஒருவர் அந்த வாரத்தில் எப்போது வேண்டுமானாலும் வருவார் என்று சித்தி எச்சரித்திருந்தாள். சித்தப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மழை நாளில் செருப்புகள் நிறைய அறும். வலது பலகையில் வரிசை நின்றது.

பழுப்பு நிறச் செருப்பு ஜோடி ஒன்று கையில் வந்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. நல்ல தோல். ஆனால் இடது குதிகாலில் இரண்டு அடுக்குத் தோல் கூடுதலாக ஒட்டியிருந்தது, ஒரு விரல் உயரத்துக்கு. யாரோ தெருமுனையில் அவசரத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அடுக்குகளை நோகாமல் பிரித்தார். சீவினார். பசை தடவி, ஊதி, இரும்புக் காலில் கவிழ்த்துத் தட்டினார். இரண்டையும் தரையில் வைத்துக் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. மெருகும் போட்டார்.

செருப்புக்குச் சொந்தக்காரி உள்ளே கால்மணி நேரம் இருந்தாள். ரப்பர் செருப்பில் மெல்ல ஊன்றி நடந்து குழாய்களைத் திறந்து பார்த்தாள், தாழ்ப்பாள்களைப் போட்டுப் பார்த்தாள், பையிலிருந்து கோப்பை எடுத்து எழுதினாள். இவள்தான் அந்த அதிகாரி என்று சித்திக்கு அப்போதே புரிந்துவிட்டது.

வெளியே வந்தவள் செருப்பைப் போட்டு நான்கு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"இதை யாரு தொட்டது?"

"நான்தாம்மா. ஒரு பக்கம் ஏத்தமா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"அது சரியாத்தான் இருந்துச்சுங்க. என் கால்தான் ஒண்ணு குட்டை." அவள் குரல் உயரவே இல்லை. "நான் வைக்கத்தானே சொன்னேன்?"

சித்தப்பா இரண்டு பலகைகளையும் பார்த்தார். மேசையில் இருந்த பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் சில்லறை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா நான்தான் பலகை மாத்தி எடுத்திருக்கேன்," என்றார் அவர். "மன்னிச்சுக்கங்க."

குப்பைக் கூடையைக் கவிழ்த்துச் சீவிய தோலைத் தேடி எடுத்தார். அதிகாரியை முக்காலியில் உட்காரவைத்து, பிறகு வெறும் காலோடு நிற்கச் சொல்லி, அட்டையை மடித்து மடித்துக் குதிகாலுக்கடியில் வைத்து அளந்தார். அளந்ததையே மறுபடி அளந்தார். டக், டக், பிறகு இடைவெளி. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவள் நடந்து பார்த்து, "பரவாயில்லை" என்றாள். கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு தூறலில் போய்விட்டாள்.

5

அந்த மேசைப் பெண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அவளுக்கு வயது கூடக் கொடுக்கவில்லை. பத்தொன்பது. கல்லூரியில் இடம் கிடைக்காமல் சித்தி வீட்டில் தங்கி, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் நாட்குறிப்பு எழுதுவாள். அன்றைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றே வரி: "மழை. கூட்டம். மதியம் தலைவலி." எத்தனை ரப்பர் செருப்பு தேய்ந்தது என்றுகூட எழுதுகிறவள்.

சரி. முதல் பகுதியில் விட்ட வாக்கியத்தை முடிக்கிறேன். அது உண்மையில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

நான்தான் கேட்டேன், "வைக்கவா, தைக்கவா?" என்று. செருப்பைக் கொடுத்தவர் "வைங்க" என்றார். தெளிவாகக் காதில் விழுந்தது. ஆனால் பையிலிருந்து கோப்பின் ஓரம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டேன். இவர்தான் அதிகாரி என்று எனக்கு முதலில் தெரிந்தது, சித்திக்கும் முன்னால். குதிகால் ஏற்ற இறக்கமாக இருந்ததையும் பார்த்தேன். கேட்காமலே சரிசெய்து கொடுத்தால் அசந்துபோவார், நம் இடம் நமக்கே என்று ஒரு கணக்குப் போட்டேன். அதிகப்பிரசங்கி. வலது பலகையில் வைத்தேன். சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலது பலகைக்கு வார்த்தை தேவையில்லை.

சித்தப்பா பலகையை மாற்றி எடுக்கவில்லை. அவர் வாழ்க்கையில் எடுத்ததே இல்லை.

6

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இடம் சித்திக்கே. ஆனால் கழிப்பறை வளாகத்தில் வேறு தொழில் கூடாது. அந்தச் செருப்பால்தான் இப்படி எழுதினார்களா, எல்லாக் கழிப்பறைகளுக்கும் போன கடிதமா, இன்றுவரை தெரியாது. அதிகாரியை வில்லியாக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற விதம் குறுக்கே வந்து நின்றது.

வலது பலகை போனதும் தண்ணீர் வண்டிக்குத் தவணை சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த மழைக்காலத்துக்குள் சித்தி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சித்தப்பா இப்போது ஒரு தோல்பைக் கடையில் பைகளுக்குப் பிடி தைக்கிறார். எதை எடுத்தாலும் மூன்று முறை கேட்கிறார். போன மாதம் என் செருப்பு வார் அறுந்தது. "இது உன்னுதுதானே பாப்பா? தைக்கத்தானே குடுத்த? ரெண்டையுமா, ஒண்ணை மட்டுமா?" கேட்டுவிட்டும் எடுக்கவில்லை. நான் கடையில் கொடுத்துத் தைத்தேன்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பீர்கள். அன்று பயம். மறுநாள் வெட்கம். ஒரு வாரம் ஆனதும், ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்ற கேள்வி சேர்ந்துகொண்டது. இப்போது ஐந்து வருடம் அதன்மேல் அடுக்காக ஒட்டியிருக்கிறது.

7

முடிவுகள்.

அ) அவள் சொல்கிறாள். சித்தப்பா தலையில் கைவைத்துச் சிரிக்கிறார். "அடிப்பாவி, இதையா அஞ்சு வருஷமா அடைகாத்த?" கையொப்பம் போடுகிறார். சந்தை வாசலில் டக் டக். (இதை எழுதும்போது அழுதேன். அதனாலேயே நம்பவில்லை.)

ஆ) அவள் சொல்கிறாள். சித்தப்பா பேனாவை வாங்குகிறார். கையொப்பம் போடுகிறார். அதற்குப் பிறகு அவளைப் பாப்பா என்று கூப்பிடுவதில்லை.

இ) அவள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போகிறது. படிவத்தின் பின்பக்கத்தில் சித்தி மளிகைச் சாமான் பட்டியல் எழுதுகிறாள். (அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தான கையெழுத்தில் வந்தது இது ஒன்றுதான். அதுதான் பயமாக இருக்கிறது.)

இன்று வியாழன். வகுப்பு முடிய ஐந்து நிமிடம். ஜன்னல் வழியே பார்த்தால் சித்தப்பா வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வழக்கம்போல என்னைக் கூட்டிப்போக. போகிற ஒவ்வொருவர் காலையும் பார்க்கிறார். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. சைக்கிளில் ஏறுவதற்கு முன் தினமும் கேட்பார், "இன்னிக்கு என்ன எழுதின?" என்று. அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுப்பதுபோல இந்தத் தாள்களை அவர் கையில் கொடுக்கலாம். அல்லது மடித்து நாட்குறிப்புக்குள் வைத்துவிட்டு, மழை, கூட்டம், தலைவலி என்று சொல்லலாம்.

வாசலில் நின்ற ஒருவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொன்னதைச் செய்யாமல் விட்டது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. இந்த முறை நீங்கள் சொல்கிறபடியே செய்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், அவர் மணியடிக்கிறார்.

வைக்கவா, தைக்கவா?